முயல்களுக்கும் ஆடி உண்டு

ஆனி 31, செவ்வாய்

மகளிர் விடுதியில் இருபத்திரண்டு வருடம் வார்டனாக இருந்தவளுக்கு ஒழுங்கைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. புது மருமகள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இப்பல்லாம் யாரும்மா ஆடி பாக்குறா?" என்றான்.

"இந்த வீட்டுல பாக்குறோம்" என்றேன்.

இதற்கு முன் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த ஒரே பெண் நான்தான். என் முதல் ஆடிக்கு நான் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அவருக்கு அப்போது டைபாய்டு. அது வேறு விஷயம்.

மருமகள் ஹேமப்ரியா சிரித்துக்கொண்டே "சரிங்கத்தை" என்றாள். விடுதியில் சிரித்துக்கொண்டே "சரிங்க மேடம்" சொன்ன பெண்கள்தான் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தவர்கள். ஆனாலும் இவள் நல்ல பெண்தான்.

வைகாசியில் அவள் வந்தபோது பீரோ, கிரைண்டரோடு இரண்டு முயல்களும் வந்தன. வெள்ளை, பெண், பெயர் சேமியா. பழுப்பு, ஆண், பெயர் சுக்கு. மளிகைக் கடைச் சாமான் பெயரை உயிருள்ள ஜீவனுக்கு வைப்பார்களா? பெயராவது போகட்டும். நாள் பூராவும் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்துகொண்டு காதை நக்குவதும் நெற்றியை நக்குவதும். அதுவும் நடு ஹாலில், வருகிறவர் போகிறவர் முன்னால். எனவே இந்த ஜோடிக்கும் ஆடி உண்டு என்று சொல்லிவிட்டேன். பெண் முயல் ஹேமாவோடு போகும். ஆண் முயல் இங்கே இருக்கும்.

"அத்தை, ஆடியில சேந்தா சித்திரையில புள்ள பொறக்கும், வெயில்ல கஷ்டம்னுதான பிரிச்சு வைக்கிறது? முயலுக்கு ஒரே மாசந்தான் அத்தை. ஆவணியிலேயே பொறந்துரும்" என்றாள்.

"சாஸ்திரம் கணக்குப் பாக்காது."

"அதுக்கில்லத்தை, அதுக ரெண்டுக்கும் ஏற்கெனவே..."

கையை உயர்த்தினேன். நான் கையை உயர்த்தினால் முந்நூறு பெண்கள் வாயை மூடுவார்கள். இவள் ஒருத்தி.

ஆடி 1, வியாழன்

ராகு காலத்துக்கு முன்பே ஆட்டோ ஏற்றிவிட்டாயிற்று. கூண்டைத் தூக்கிக் கொடுக்க நந்துவும் கோச்சடையில் இருக்கும் அவள் அம்மா வீடு வரை போனான். கூண்டு கனம் போலிருக்கிறது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் திரும்பினான்.

நாளையிலிருந்து காலையில் நானும் அவனும் பழையபடி இரண்டு டம்ளர் காபியோடு உட்காரலாம். கல்யாணமான நாளிலிருந்து மூன்றாவது டம்ளர் வந்து பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. குறையாக எழுதவில்லை. குறிப்பாக எழுதுகிறேன்.

ஆடி 2, வெள்ளி

சுக்கு கீரையைப் பாதியில் விட்டுவிட்டது. நந்துவும் தோசையைப் பாதியில் விட்டுவிட்டான்.

ஆடி 5, திங்கள்

ஆபீஸ் விட்டதும் நந்து தினமும் கோச்சடை போய்விடுகிறான். சேமியாவுக்கு அருகம்புல் கொடுக்க வேண்டுமாம். கோச்சடையில் அருகம்புல் கிடைக்காதா என்று கேட்டேன். அங்கே கிடைப்பது முற்றலாம்.

"ஆடி முடியிற வரைக்கும் நீயும் அவளும் பாத்துக்கக் கூடாதுப்பா, தெரியும்ல?"

"அவளைப் பாக்கலம்மா. முயலைத்தான் பாத்தேன்."

என் பையன் பொய் சொல்ல மாட்டான். சட்டையில் பாதாம் பிசின் வழிந்திருந்தது. ஜிகர்தண்டாவா என்றேன். சேமியாவுக்கு வயிற்றுச் சூடு, அதற்குக் கொடுத்த மருந்து சிந்திவிட்டது என்றான். இந்தக் காலத்தில் முயலுக்கு என்னவெல்லாம் செய்கிறார்கள்!

ஆடி 9, வெள்ளி

நந்துவுக்கு ஓவர்டைம். சட்டைப் பையில் ஒரு மல்லிகைப் பூ கிடந்தது. அருகம்புல் விற்கும் அம்மாவே பூவும் விற்பார் போலிருக்கிறது.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்குக்கு எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை, தயிர் சாதம் எல்லாம் செய்தேன். நந்து அவ்வளவையும் அடுக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு கோச்சடை போய்விட்டான். "சேமியாவுக்கு ஆடிப்பெருக்கு இல்லையாம்மா?" என்று கேட்கிறான். முயல் புளியோதரை தின்னுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

காலைக் காபியை நின்றுகொண்டே குடிக்கிறான். கையில் போன், அதைப் பார்த்துச் சிரிப்பு. முயல் வீடியோவாம்.

மத்தியானம் நானும் சுக்கும்தான். அது என் காலடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. பெண்டாட்டி போன மாதிரியே தெரியாமல் சமர்த்தாக இருக்கிறது. அதனிடம் கொஞ்ச நேரம் பேசினேன். பதில் பேசாமல் கேட்கிற ஜீவன் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

ஆவணி 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஹேமா வந்தாள். வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்தேன். முறை முறைதான் என்று சேமியாவின் கூண்டுக்கும் எடுத்தேன். பிறகு ஹாலில் இரண்டு கூண்டையும் எதிரெதிரே வைத்துத் திறந்தோம். ஒரு மாத ஏக்கம், ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நானே போனில் படம் பிடிக்கத் தயாராக நின்றேன்.

ஒட்டிக்கொள்ளத்தான் செய்தன. சுக்கு அதன் முதுகைக் கவ்வியது, சேமியா இதன் காதைக் கடித்தது, இரண்டும் பந்தாக உருண்டு சோபாவுக்கு அடியில் போயின. தலையணை கிழிந்த மாதிரி ஹால் முழுக்க முடி பறந்தது. நந்து ஒரு துண்டை எடுத்து மேலே போட்டுப் பிரித்தான். சேமியாவின் மூக்கில் ரத்தம். ஹேமா அழுதுவிட்டாள்.

"நாலு வருசமா ஒரே தட்டுல சாப்ட்டதுகத்தை" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூண்டைத் தூக்கினாள். "இதுக ரெண்டும் சேர்ற வரைக்கும் நான் அங்கேயே இருக்கேன். இவளைத் தனியா விட முடியாது."

ஆரத்தித் தட்டில் சூடம் அணையும் முன்பே ஆட்டோ போய்விட்டது.

எதிர் போர்ஷன் ராஜாமணி எட்டிப் பார்த்து, "என்னக்கா, மருமக வந்த கையோட போறா?" என்றாள்.

"முயல் சண்டை" என்றேன்.

"ஓகோ" என்றாள். அந்த ஓகோவை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் திரும்பி வராமல் போனால் ஊர் என்னைத்தான் சொல்லும். ஊர் கிடக்கட்டும். நந்து ராத்திரி என்னோடு பேசவே இல்லை.

ஆவணி 3, செவ்வாய்

கால்நடை மருத்துவர் மும்தாஜிடம் நானும் நந்துவும் போனோம். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, என்னையே நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டாள்.

"ஏம்மா பிரிச்சு வச்சீங்க?"

"ஆடி மாசம்" என்றேன்.

டாக்டர் நந்துவைப் பார்த்தாள். நந்து மின்விசிறியைப் பார்த்தான்.

"அம்மா, ரெண்டுக்கும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நான்தான் பண்ணேன். பண்ணி ரொம்ப நாளாச்சு. அதுகளுக்கு ஆடியென்ன, ஐப்பசியென்ன?"

அன்றைக்கு ஹேமா "ஏற்கெனவே" என்று இழுத்தது இதைத்தான் போலிருக்கிறது. பெரியவர்களிடம் சொல்ல வந்தால் முழுதாகச் சொல்ல வேண்டாமா?

பிரிந்திருந்தால் வாசனை மறந்து இரண்டும் அந்நியமாகிவிடுமாம். மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டுமாம். முறை இதுதான்: இதன் விரிப்பை அதற்கும் அதன் விரிப்பை இதற்கும் போட்டு வாசனை பழக்குவது. பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு பொது இடத்தில் சந்திக்க வைப்பது. நடுவில் சாப்பாடு வைப்பது, கவனம் அதில் போனால் சண்டை வராது. முதலில் கொஞ்ச நேரம், போகப் போக அதிக நேரம். பக்கத்தில் ஒருவர் துண்டோடு தயாராக நிற்க வேண்டும்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. துண்டைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் விடுதியின் பார்வையாளர் விதிகள்தான்.

"சேந்துருச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போயி இன்னொண்ணு முன்னாடி தலையத் தாழ்த்தும்மா. 'என்னை நக்கி விடு'ன்னு அர்த்தம். அது நக்கி விட்டுருச்சுன்னா முடிஞ்சது சோலி. குனியிறது அடங்கிப் போறதுன்னு நெனச்சிராதீங்க. பெரும்பாலும் அதிகாரம் பண்றதுதான் மொதல்ல குனியும்."

இது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

ஆவணி 5, வியாழன்

சுக்கு படுக்க என் பழைய சுங்குடிச் சேலையைக் கொடுத்து, அதன் வாசனை ஏறியதும் கோச்சடைக்கு அனுப்பினேன். நல்ல சேலை, அரக்கு நிறம். சேமியா அதை மோந்து பார்த்துவிட்டு, திரும்பி நின்று மூத்திரம் பெய்ததாம். சிரிக்காமல்தான் சொன்னான் நந்து. ஆனால் ரொம்பப் பாடுபட்டுச் சிரிக்காமல் இருந்தான்.

அதில் என் வாசனையும் இருந்திருக்கும். முயலுக்கு எது யார் வாசனை என்று தெரியாது. ஹேமா துவைத்துப் போட்டாளாம்.

ஆவணி 8, ஞாயிறு

பொது இடம் தேடி அலுத்துவிட்டது. நம் வீடு முழுக்கச் சுக்கின் வாசனை. கோச்சடை வீடு முழுக்கச் சேமியாவின் வாசனை. மொட்டை மாடியில் வெயிலும் காக்கையும். ராஜாமணியிடம் ஒரு அறை கேட்டேன். "மாமியா மருமக பஞ்சாயத்துக்கெல்லாம் என் வீடு வேணாங்க்கா" என்கிறாள்.

சாயங்காலம் நந்து, யோசித்து யோசித்து அப்போதுதான் நினைவு வந்த மாதிரி, "எல்லீஸ் நகர்ல ஃப்ரெண்டு வீட்டு மாடி காலியா இருக்கும்மா" என்றான்.

"முயலுக்கு வாடகை வீடாப்பா?"

"டாக்டர் பொது இடம்னுதானம்மா சொன்னாங்க. ரெண்டும் சேந்துருச்சுன்னா ஹேமா வந்துருவாள்ல."

அது நியாயம்தான். நானே போய்ப் பார்த்தேன். கிழக்குப் பார்த்த வாசல், நல்ல காற்று, அவனுடைய ஆபீஸ் கூப்பிடு தூரம். அடுப்படியில் மேடையும் அலமாரியும் சுத்தமாக இருந்தன. முயலுக்கு அடுப்படி எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. வீடென்றால் அடுப்படி இருக்கத்தான் செய்யும். பேசி முடித்துவிட்டேன்.

ஆவணி 10, செவ்வாய்

முயல் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. கீரை வாடிவிடுமாம்.

வாஷிங் மெஷினும் வந்தது. விரிப்புகள் துவைக்க.

இரட்டைக் கட்டிலும் மெத்தையும் வந்தன. முயல் திடுக்கிட்டு எழுந்தால் பக்கத்தில் ஆள் வேண்டுமாம். "கட்டில் எதுக்கு, பாய் போதாதா?" என்றேன். பாயை முயல் கடித்துவிடும் என்றான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறான். வார்டன் வளர்த்த பிள்ளை.

ஆவணி 12, வியாழன்

ஹேமாவும் வந்திருந்தாள். நாளை முயல்களை அங்கே கொண்டு போவதாகச் சொன்னார்கள். "பால் காய்ச்சாம ஒரு வீட்டுல எலி கூடக் குடியேறக் கூடாது" என்றேன். நந்துவும் ஹேமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முயலுக்குத்தானம்மா, பால் எதுக்கு?" என்றான். "முயலா இருந்தா என்ன? அடுத்து புரட்டாசி வருது. புரட்டாசியில வீடு மாறக் கூடாது. நாளைக்கு வெள்ளிக்கெழம, வளர்பிறை. நாளைக்கே காய்ச்சணும்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆவணி 13, வெள்ளி

என் கையாலேயே விளக்கேற்றி, என் கையாலேயே பால் வைத்தேன். கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. சம்பந்தியம்மா குலவை போட்டார். ஹேமா முதல் டம்ளர் பாலை எனக்குக் கொடுத்து, நந்துவோடு சேர்ந்து காலில் விழுந்து எழுந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு லட்சணமாக இருக்கிறார்கள்!

முயல்களைத் தனியே விட முடியாது என்று இருவரும் அங்கேயே தங்குகிறார்கள். ஆவணி பிறந்துவிட்டதால் தடை சொல்ல இடமில்லை.

படியிறங்கும்போது ஏனோ கால் கனத்தது. வயதாகிறது.

ஆவணி 22, ஞாயிறு

நந்து போன் செய்தான். சுக்கு போய்ச் சேமியா முன்னால் தலையைத் தாழ்த்தியதாம். அது முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு நெற்றியை நக்கிவிட்டதாம். இப்போது ஒரே தட்டில் சாப்பாடு.

சந்தோஷமாக இருந்தது. உடனே ஹாலைக் கழுவினேன். திரைச்சீலையைத் துவைத்துப் போட்டேன். ஹேமாவின் அலமாரியில் பாச்சா உருண்டை வைத்தேன். காபிப் பொடி அரைத்து வாங்கினேன், மூன்று பேருக்கு.

ஆவணி 29, ஞாயிறு

வரவில்லை.

"எப்பப்பா வர்றீங்க?" என்று கேட்டேன்.

"இப்ப இடம் மாத்துனா மறுபடியும் சண்டை வரும்னு டாக்டர் சொல்றாங்கம்மா."

"சரி, ரெண்டு வாரம் போகட்டும்."

"அதுக்குள்ள புரட்டாசி வந்துரும்ல. புரட்டாசியில வீடு மாறக் கூடாது. நீதானம்மா சொன்ன?"

நான்தான் சொன்னேன்.

ஆவணி 30, திங்கள்

டாக்டர் மும்தாஜுக்குப் போன் செய்தேன். சும்மா விசாரிக்கத்தான்.

"நான் அப்படிச் சொல்லலையேம்மா. ரெண்டும் ஒண்ணாப் போனா எங்க வேணாலும் இருந்துக்கும்" என்றாள்.

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நான் போன் செய்தது நந்துவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். விடுதியில் பெண்கள் சுவர் ஏறுவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விளக்கை அணைத்துவிட்டுப் போன நாட்களும் உண்டு. நல்ல பெண்கள் என்றால் மட்டும்.

பாதாம் பிசினும் மல்லிகையும் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்ததோ என்னவோ.

காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்தேன். ஒன்றை மறுபடி அலமாரியில் வைத்தேன். அழுகை வந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும். காலடியில் வந்து உட்காரச் சுக்கு கூட இல்லை.

புரட்டாசி 4, சனி

ஹேமா போன் செய்தாள். "அத்தை, நாளைக்கு நாலு மணிலருந்து அஞ்சு மணி வரைக்கும் வீட்டுக்கு வாங்களேன்."

எங்கள் விடுதியில் பார்வையாளர் நேரம் ஞாயிறு நான்கிலிருந்து ஐந்து வரைதான். இதை அவளுக்கு யார் சொன்னது?

போகக் கூடாது என்று இருக்கிறேன். பெற்ற பிள்ளையைப் பார்க்க மணிக்கணக்கா?

புரட்டாசி 5, ஞாயிறு

நான்கு அடிக்கும்போது வாசலில் நின்றேன். நேரம் தவறுவது எனக்குப் பிடிக்காது.

ஹாலில் என் அரக்குச் சுங்குடி விரித்திருந்தது, துவைத்து, மடிப்புக் கலையாமல். "ஒக்காருங்கத்தை" என்றாள். உட்கார்ந்தேன். எதிரே அவள் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு தட்டு நிறையக் குழிப்பணியாரம், பக்கத்தில் காரச் சட்னி. சாப்பிட்டோம். இரண்டாவது பணியாரத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. சொந்த விரிப்பு, பொது இடம், நடுவில் சாப்பாடு, குறைந்த நேரம்.

நிமிர்ந்து பார்த்தேன். நந்து கதவோரம் நின்றான். தோளில் ஒரு துண்டு.

"எதுக்குப்பா துண்டு?"

"சும்மாதாம்மா."

பணியாரத்தில் உப்பு கொஞ்சம் கம்மி. சொல்ல வாயெடுத்தேன். நந்துவின் கை துண்டுக்குப் போனது.

"நல்லாருக்கு" என்றேன்.

ஹேமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "உப்புக் கம்மியா இருக்குல்லத்தை? நானே பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். நந்து துண்டை எடுத்துக் கொடியில் போட்டான்.

பிறகு நேரம் போனதே தெரியவில்லை. சுவரோரம் வைக்கோலில் சுக்கும் சேமியாவும் ஒட்டிப் படுத்திருந்தன. தரையோடு தரையாகக் குனிந்து சுக்கைக் கூப்பிட்டேன். ஒரு காதை மட்டும் திருப்பியது. என்னை மறந்துவிட்டதா, இல்லை, வேலை இருக்கிறதா என்று தெரியவில்லை.

கிளம்பும்போது ஹேமா வாசல் வரை வந்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம ஆறு மணி வரைக்கும் இருங்கத்தை" என்றாள். சரி என்றேன்.

"அத்தை, ஒரு நிமிசம். தலையில வைக்கோல் ஒட்டியிருக்கு. குனிங்க, எடுத்து விடுறேன்."

நானே எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிகாரம் பண்ணுவதுதான் முதலில் குனியும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

ஆகவே குனிந்தேன். வைக்கோலை எடுத்த பிறகும் அவள் கை கொஞ்ச நேரம் என் தலையிலேயே இருந்தது.